பொங்கல் லீவில் பனிச்சறுக்கு: கொருக்குப்பேட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் நான்கு பேர்: அவர், மனைவி, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், 62 வயது அம்மா. மகள் குளிர்கால ஒலிம்பிக் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஸ்கீ, ஸ்கீ என்று உயிரை எடுக்கிறாள். அரையாண்டு லீவிலோ பொங்கல் லீவிலோ போகலாமா? மணாலியா, காஷ்மீரா, இல்லை வெளிநாடா? ஆறு நாள் பேக்கேஜ் ஒன்றைக் காட்டி, "இதிலேயே ஸ்கீயிங்கும் இருக்கு" என்கிறார்களாம். எடுக்கலாமா? என்னென்ன வாங்க வேண்டும்? அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

நான் ராயபுரம். துறைமுகத்தில் ரீஃபர் கன்டெய்னர் ரிப்பேர் பார்ப்பவன். உறைந்த இறால் ஏறும் பெட்டிக்குள் மைனஸ் 18 டிகிரியில் நின்று வேலை பார்த்துப் பழகியதால், குளிரைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் 38 வயதில் முதல் முறை காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போனேன். குளிர் என்னை ஒன்றும் செய்யவில்லை. திட்டம்தான் கவிழ்த்துவிட்டது. அதற்குப் பிறகு ஏழு சீசன் போய் வந்துவிட்டேன். இன்னும் சுமாராகத்தான் சறுக்குகிறேன். ஆனால் எங்கே பணம் வீணாகும், எங்கே நாள் வீணாகும் என்பது நன்றாகவே தெரியும்.

முதலில் அந்தப் பேக்கேஜ். வேண்டாம். அதில் ஸ்கீயிங் என்று போட்டிருப்பது பெரும்பாலும் மணாலிக்குப் பக்கத்தில் சோலாங் பள்ளத்தாக்கில் அரை மணி நேரம். வாடகைக் கோட்டு, ரப்பர் பூட்ஸ், காலில் இரண்டு பலகை, பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்து இருபதடி தள்ளிக்கொண்டு போவார், நீங்கள் விழுவீர்கள், போட்டோ எடுப்பார்கள், முடிந்தது. அதைத் தப்பு என்று சொல்லவில்லை. பனியைப் பார்க்க வேண்டும், உருண்டை பிடித்து எறிய வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றால் அதுவே போதும், செலவும் குறைவு. ஆனால் உங்கள் மகள் கேட்பது அது இல்லையே. ஸ்கீ என்பது நீச்சல் மாதிரி. மெரினாவில் கால் நனைத்துவிட்டு நீச்சல் கற்றேன் என்று யாரும் சொல்வதில்லை. ஒரே சரிவில், ஒரே வாத்தியாரிடம், குறைந்தது ஐந்து காலை நேரம். அது கிடைக்கிற மாதிரி மற்ற எல்லாவற்றையும் வளைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீநகர் தோட்டம், தால் ஏரி, பஹல்காம், சோன்மார்க் என்று தினம் ஓர் ஊர் போட்டால், காரில் உட்கார்ந்திருப்பதைத்தான் கற்றுக்கொண்டு வருவீர்கள்.

இப்போது காலண்டர். நம் ஊர்க்காரர்கள் சறுக்கி விழுவது பனியில் இல்லை, இங்கேதான். தமிழ்நாட்டுப் பள்ளி லீவும் இமயமலைப் பனியும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை. பெரிய லீவு ஏப்ரல் கடைசி, மே. அப்போது குல்மார்க்கில் சறுக்கு சீசன் முடிந்து புல் முளைக்கத் தொடங்கியிருக்கும். மே மாதம் மணாலிக்கு மேலே ரோத்தாங் கணவாயில் ஸ்கீ என்று கூட்டிப் போவார்கள். 3,978 மீட்டர் உயரத்தில் சேறு கலந்த பனியும் டிராஃபிக் ஜாமும்தான் மிச்சம். அரையாண்டு லீவு டிசம்பர் கடைசி வாரம். அந்த வாரம் இந்தியா முழுக்கக் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று கிளம்பும். ரூம் வாடகையும் விமான டிக்கெட்டும் உச்சத்தில் இருக்கும், பனி மட்டும் வந்தால் உண்டு.

ஏன் "வந்தால் உண்டு"? நமக்கு மழை வடகிழக்கிலிருந்து வங்காள விரிகுடா வழியாக வருகிறது. காஷ்மீருக்குப் பனி மேற்கிலிருந்து வருகிறது. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வந்து இமயமலையில் மோதிக் கொட்டுகின்றன. மேற்கத்திய இடையூறு என்று வானிலை அறிக்கையில் சொல்வார்களே, அதுதான். நம் பருவமழை சில வருடம் பொய்ப்பது போல அதுவும் பொய்க்கும். 2024 ஜனவரியில் குல்மார்க் காய்ந்துபோய் பழுப்பு நிறத்தில் கிடந்த படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. பனி விழுந்தது ஜனவரி கடைசியில்தான். 2025-இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் பகுதியைப் பிப்ரவரியில் நடத்தப் பனி பற்றாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். தேசியப் போட்டிக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

நமக்கு அக்னி நட்சத்திரம் இருப்பது போல காஷ்மீரிகளுக்குச் சில்லாய் கலான் என்று ஒன்று உண்டு. டிசம்பர் 21 தொடங்கி 40 நாள், கடுங்குளிர். அது கழிந்து 20 நாள் சில்லாய் குர்த், அதற்கப்புறம் 10 நாள் சில்லாய் பச்சா. பெரியவன், சின்னவன், குழந்தை என்று குளிருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கற்றுக்கொள்பவருக்கு என் கணக்கு இது: பெரியவனின் கடைசி வாரம் தொடங்கி சின்னவன் முடிகிற வரை, அதாவது ஜனவரி 25-க்கு மேல் பிப்ரவரி 20-க்குள். பனி ஓரளவு கெட்டியாகச் சேர்ந்திருக்கும், பகல் கொஞ்சம் நீண்டிருக்கும், புத்தாண்டுக் கூட்டமும் போயிருக்கும்.

பொங்கல் லீவு இதற்கு ஒரு வாரம் முந்தியது. மோசமில்லை, ஆனால் சூதாட்டம். மகள் ஆறாம் வகுப்புதானே, பொதுத்தேர்வு வகுப்பில்லை. பள்ளியில் பேசி குடியரசு தினத்தை ஒட்டி ஒரு வாரம் லீவு வாங்க முடியுமானால் அதைத்தான் செய்வேன். முடியாது, பொங்கல்தான் என்றால், போகி அன்றே கிளம்பி, லீவு முடிந்த பிறகும் மூன்று நாள் சேர்த்து ஒன்பது நாளாக்குங்கள். ஆறு நாள் போதாது. காரணம் கீழே.

அரையாண்டு லீவை விட்டால் வேறு வழியே இல்லை என்பவர்களுக்கு நான் குல்மார்க் சொல்வதில்லை. கஜகஸ்தானின் அல்மாட்டி சொல்வேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 14 நாள் வரை விசா தேவையில்லை. நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் ஷிம்புலாக். அடிவாரம் 2,260 மீட்டர், உச்சி ஏறக்குறைய 3,200 மீட்டர். மேதேவு ஐஸ் மைதானத்தருகே கேபிள் காரில் ஏறினால் நேரே சரிவில் இறங்கலாம். டிசம்பர் கடைசியில் அங்கே சரிவு தயாராக இருக்கும் வாய்ப்பு குல்மார்க்கைவிட அதிகம், இயந்திரத்தால் பனி தூவவும் செய்கிறார்கள். சரிவை ராத்திரியில் இயந்திரம் விட்டுச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். புதிதாகக் கற்பவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது முதல் நாளிலேயே தெரியும். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா எல்லாம் அழகுதான். ஆனால் ஷெங்கன் விசா, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, அந்த ஊர் வாடகை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், முதல் முறை விழுந்து எழுவதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. விழுவது எங்கே விழுந்தாலும் ஒன்றுதான்.

உங்களுக்கு என் பதில் குல்மார்க். மணாலிப் பக்கம் ஏன் இல்லை? அங்கே அடல் பிஹாரி வாஜ்பாயி மலையேற்றக் கழகம் நடத்தும் ஸ்கீ பயிற்சிகள் தரமானவை, சோலாங்கில்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அது காலையில் ஓடவிட்டு, பொது அறையில் தங்கவைத்து, இரண்டு வாரம் வாட்டியெடுக்கும் பயிற்சி. கல்யாணமாகாத பையன்களுக்கு ரொம்ப நல்லது. குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சரிவராது.

உத்தராகண்டில் ஔலி இருக்கிறது. அகலமான, மென்மையான சரிவு, எதிரே நந்தாதேவி 7,816 மீட்டரில் நிற்கும். கற்றுக்கொள்ள இந்தியாவிலேயே அழகான இடம் என்றுகூடச் சொல்வேன். கர்வால் மண்டல் விகாஸ் நிகம் என்னும் அரசுச் சுற்றுலா நிறுவனம் அங்கே ஏழு நாள், பதினான்கு நாள் பயிற்சி நடத்தி வந்திருக்கிறது. ஆனால் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை, ஒரு முழுப் பகல் போய்விடும். ஜோஷிமட்டிலிருந்து மேலே போகும் ரோப்வே 2023 ஜனவரியில் ஊரே பிளந்து மண் சரிந்தபோது நின்றது. சாலையில் பனி விழுந்தால் மேலே இருப்பவர் மேலே, கீழே இருப்பவர் கீழே. 62 வயது அம்மாவை வைத்துக்கொண்டு அந்தப் பாதையை நான் சொல்ல மாட்டேன்.

குல்மார்க் கிராமம் இருப்பது சுமார் 2,650 மீட்டரில். நம்மவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தொட்டபெட்டா சிகரத்தின் உச்சி 2,637. ஊட்டி போய்த் தொட்டபெட்டாவில் நின்று மூச்சு வாங்காமல் டீ குடித்தவர்களுக்குக் குல்மார்க்கில் தங்குவது பெரிய சிரமம் இல்லை. அங்கிருந்து கோண்டோலா என்னும் கேபிள் காரின் முதல் கட்டம் கோங்தூரிக்கு, 3,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஏறுகிறது. 1998-இல் ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டம் 2005-இல் வந்தது. அபர்வத் மலைத் தோள் வரை, ஏறக்குறைய 3,950 மீட்டர். அங்கே காற்றில் ஆக்சிஜன் கடலோரத்து நம் காசிமேட்டில் கிடைப்பதில் சுமார் அறுபது சதவீதம்தான்.

இதில் ஒரு ரகசியம். முதல் இரண்டு, மூன்று நாளுக்கு உங்களுக்குக் கோண்டோலாவே வேண்டாம். கோடையில் கோல்ஃப் ஆடும் அந்தக் கிண்ணம் போன்ற மைதானத்தின் ஓரத்தில்தான் கற்பவர்களுக்கான சரிவு. கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே மேலே இழுத்துப் போகும் சின்ன லிஃப்ட் உண்டு. டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்காமல் அந்த நேரத்தில் பத்து முறை ஏறி இறங்கலாம். நான்காம் நாள் வாத்தியார் சரி என்றால் முதல் கட்டம் போங்கள். கோண்டோலா டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்க வேண்டும், சீசனில் கடைசி நிமிடத்தில் கிடைக்காது.

இரண்டாம் கட்டத்தில் முதல் வருடம் சறுக்கவே கூடாது. வேடிக்கை பார்க்கப் போகலாம். அந்த மலையில் பெரும்பகுதி யாரும் சமப்படுத்தாத இயற்கைப் பனி, பனிச்சரிவு இறங்கும் மலை. 2023 பிப்ரவரி 1 அன்று போலந்துக்காரர்கள் இரண்டு பேரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் அங்கே பனிச்சரிவில் இறந்தார்கள். எல்லோரும் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள். ஆகவே யாராவது உள்ளூர்ப் பையன் "சார், மேலே சூப்பர் பவுடர் பனி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

போகிற வழி. சென்னையிலிருந்து டெல்லி மாறி ஸ்ரீநகர் விமானம், பிறகு டங்மார்க் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் கார். டங்மார்க்கிலிருந்து மேலே 13 கிலோமீட்டர். பனி நாளில் அங்கே வண்டி மாற்றி, டயரில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டியில் ஏற வேண்டியிருக்கும். அதற்குத் தனிக் கட்டணம், பேரம் உண்டு. ரயில்தான் பிடிக்கும் என்றால், 2025 ஜூன் முதல் காஷ்மீர் பள்ளத்தாக்குக்குக் கத்ரா வழியாக ரயில் ஓடுகிறது. சென்ட்ரலிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ் கத்ரா வரை போகும், இரண்டு நாளுக்கு மேல் ஆகும். கத்ராவிலிருந்து வந்தே பாரத் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் ஸ்ரீநகர். வழியில் செனாப் ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில் பாலம். நான் ஒருமுறை அந்த வழியில் திரும்பினேன். பனி பார்த்த கண்ணுக்கு அந்தப் பாலம் இன்னொரு பரிசு. ஆனால் குழந்தையின் லீவு நாட்கள் ரயிலிலேயே கரைந்துவிடும், போகும்போது விமானமே நல்லது.

ஸ்ரீநகர் விமானங்கள் பனியிலும் மூடுபனியிலும் ரத்தாகும். போகிற வழியில் ஒரு நாள், திரும்புகிற வழியில் ஒரு நாள் வெறுமனே விட்டு வையுங்கள். ஒன்பது நாள் என்றேனே, இதற்குத்தான்: போக ஒன்று, வர ஒன்று, இழப்புக்கு இரண்டு, சறுக்க ஐந்து. என் முதல் பயணத்தில் பாரிமுனையில் ஒரு ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டத்தில் குல்மார்க்கில் மூன்று நாள். விமானம் ஒரு நாள் தாமதம், மலைப்பாதை ஒரு நாள் அடைப்பு. மொத்தம் ஒன்றரை மணி நேரம் சறுக்கினேன். அதிலும் முக்கால் மணி நேரம் குப்புறக் கிடந்தேன். வீட்டில், "இன்னா, ஐஸ்ல போய் வுழுறதுக்கா இவ்ளோ துட்டு? நம்ம காசிமேட்டு ஐஸ் பாக்டரில வுழுந்திருக்கலாமே" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயில்லை. இன்னொன்று: ஸ்ரீநகர் விமான நிலையத்தில் வெளிவாசலிலேயே தொடங்கிப் பல முறை சோதனை. மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

போன்: நம் ஊர் பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான். வீட்டில் ஒருவராவது கிளம்பும் முன் மாற்றிக்கொள்ளுங்கள்.

தங்குவது குல்மார்க்கிலேயே. ஸ்ரீநகரிலோ டங்மார்க்கிலோ மலிவாகத் தங்கி தினம் ஏறலாம் என்று கணக்குப் போடுவார்கள். தினமும் காலை இரண்டு மணி நேரம் போய்விடும், பனி இறுகி நன்றாக இருக்கும் நேரம் அதுதான். பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: அறையில் சூடு எதனால், கரண்ட் போனால் என்ன ஏற்பாடு? மின்சாரப் போர்வை எல்லா இடத்திலும் தருகிறார்கள். புகாரி என்னும் விறகு அடுப்போ, காங்கிடி என்னும் கரிச்சட்டியோ அறைக்குள் இருந்தால் ஜன்னலை விரலளவு திறந்தே வையுங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையும் இருக்காது, ஆளை எழுப்பாது. குளிருதே என்று எல்லாவற்றையும் அடைத்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு, அதனால் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். வடக்கே போனால் சப்பாத்திதான் என்று நினைப்போம். காஷ்மீரிகள் நம்மைப் போல மத்தியானமும் ராத்திரியும் சோறு கேட்கும் ஜாதி. ஹாக் என்று ஒரு கீரை, தயிர் சேர்த்த கறிக்குழம்பு, சோறு. குளிர்காலக் காலையில் ஹரிசா என்று ஆட்டிறைச்சியை ராத்திரி முழுக்க அரிசியோடு குழைத்துச் செய்வார்கள். ஸ்ரீநகரில் இறங்கும் நாளில் விட்டுவிடாதீர்கள். அம்மா சைவம் என்றால் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் எடுத்துப் போங்கள், சோறு கிடைக்கும், கவலை தீர்ந்தது.

இப்போது உடைகள். நம் ஆட்கள் தவறாமல் செய்யும் தப்பு, இருப்பதிலேயே தடிமனான ஜாக்கெட்டை வாங்குவது. என் வேலையில் குளிர்ப்பெட்டிக்குள் போடும் ஜாக்கெட்டை முதல் முறை எடுத்துப் போனேன். பத்து நிமிடத்தில் உள்ளே குளித்தாற்போல வியர்வை. அப்புறம் லிஃப்ட் வரிசையில் நின்றபோது அந்த வியர்வையே ஐஸாகி முதுகைப் பிடித்தது. குளிர்ப்பெட்டிக்குள் நாம் நிற்கிறோம், சரிவில் உழைக்கிறோம். ஆகவே மெல்லிய மூன்று அடுக்கு. உடலை ஒட்டி வியர்வையை உறிஞ்சாமல் கடத்திவிடும் துணி. வியாசர்பாடிப் பையன்கள் ஃபுட்பால் ஆடும் பாலியஸ்டர் ஜெர்சியும் இதற்கு ஆகும், முழுக்கை என்றால் இன்னும் நல்லது. அதன் மேல் ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கைக் கம்பளிச் சட்டை. அதற்கு மேல் காற்றும் தண்ணீரும் நுழையாத மேல்சட்டை, பேன்ட். பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நனைந்த பருத்தி காயவே காயாது.

வாங்க வேண்டியவை: உள்ளாடை ஆளுக்கு இரண்டு செட், தண்ணீர் புகாத கையுறை இரண்டு ஜோடி, மெல்லிய கம்பளிக் காலுறை, ஸ்கீ கண்ணாடி. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நல்ல தெர்மல் உள்ளாடை கிடைக்காமல் போகாது, ஆனால் கையுறையை மட்டும் விளையாட்டுச் சாமான் கடையில் வாங்குங்கள். மேல்சட்டை, பேன்ட், ஹெல்மெட், ஸ்கீ, பூட்ஸ் எல்லாம் குல்மார்க்கில் வாடகைக்கு எடுக்கலாம். சென்னையில் வாங்கி அதை வருடம் முழுக்க எங்கே மாட்டி வைப்பீர்கள்? டங்மார்க்கில் வண்டி நின்றதும் கோட்டு, கம்பூட் என்று சூழ்ந்துகொள்வார்கள். அது நடப்பதற்கு, சறுக்குவதற்கு இல்லை. அம்மாவுக்கு மட்டும் எடுங்கள்.

பூட்ஸ் விஷயத்தில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். சறுக்குப் பலகை சுமாராக இருந்தாலும் ஓட்டிவிடலாம், பூட்ஸ் கடித்தால் பயணமே முடிந்தது. ஸ்கீ பூட்ஸ் அளவு சென்டிமீட்டரில். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று பெருவிரல் நுனி வரை அளந்துகொண்டு போங்கள். நமக்கு ஒரு தனிச் சிக்கல்: வாழ்க்கை முழுக்கச் செருப்பும் வெறுங்காலுமாகத் திரிந்த கால், முன்பக்கம் அகலம். அகலத்துக்காக ஒரு சைஸ் பெரிதாகக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள், குதிகால் உள்ளே ஆடும். அகலமான வார்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னே லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். ஒரு காலுக்கு ஒரே காலுறை, இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு இன்னும் குளிரும்.

பலகையையும் பூட்ஸையும் பிணைக்கும் பூட்டு, விழும்போது தானாக விடுபட வேண்டும். அதன் இறுக்கத்தை உங்கள் எடை, உயரம், வயது, திறமை பார்த்துத்தான் வைக்கிறார்கள். கூச்சப்பட்டு எடையைக் குறைத்தும் சொல்லாதீர்கள், வீறாப்பாக "எனக்குத் தெரியும்" என்றும் சொல்லாதீர்கள். பூட்டு விடவில்லை என்றால் முறுக்கை வாங்கிக்கொள்வது முழங்கால் ஜவ்வு. பலகையின் நீளம் புதியவருக்கு மோவாய் வரை இருந்தால் போதும்.

உடம்பைத் தயார் செய்வது ஆறு வாரத்துக்கு முன்னால். ஜிம் வேண்டாம். ஹவுசிங் போர்டு மாடிப்படி போதும், ஏறுவதைவிட இறங்குவதுதான் முக்கியம், தொடை அப்போதுதான் பழகும். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்வது, முதலில் முப்பது விநாடி, பிறகு இரண்டு நிமிடம் வரை.

நிற்கும் விதத்துக்கு நான் கண்டுபிடித்த பயிற்சி வேறு. காசிமேட்டில் ஃபைபர் போட்டில் நின்றுகொண்டு வருகிற பையன்களைப் பாருங்கள். முழங்கால் தளர்வு, உடம்பு லேசாக முன்னே, அலை வந்தால் கால்தான் மடங்கும், தலை அசையாது. ஸ்கீ நிற்பது அச்சு அசலாக அதுதான். புதியவர் எல்லோரும் பயத்தில் பின்னால் சாய்வார்கள், சாய்ந்த உடனே பலகை முன்னே ஓடிவிடும். என் வாத்தியார் மூன்று நாள் ஹிந்தியில் கத்தியும் எனக்கு ஏறவில்லை. ஒரு ராத்திரி போட் ஞாபகம் வந்தது, மறுநாள் காலை விழாமல் இறங்கினேன்.

விழும்போது பக்கவாட்டில் விழுங்கள், கைக்கம்பை விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டே விழுந்தால் கட்டைவிரல் மூட்டு போகும். எழும்போது பலகை இரண்டையும் சரிவுக்குக் குறுக்கே வைத்துவிட்டு எழுங்கள். சரிவில் ஒரு சட்டம் உலகம் முழுக்க ஒன்று: முன்னால், கீழே போகிறவருக்கே முன்னுரிமை, மேலிருந்து வருபவர்தான் ஒதுங்க வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் பின்னால் வரும் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் நாம் ஒதுங்குகிறோமே, அதற்கு நேர் தலைகீழ். நிற்பதானால் ஓரத்தில் நில்லுங்கள், மேட்டுக்கு அடியில் நிற்காதீர்கள்.

வாத்தியார்: பதிவு பெற்றவரா என்று அட்டை கேளுங்கள். அங்கே மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இந்திய ஸ்கீயிங் மற்றும் மலையேற்றக் கழகம் இருக்கிறது, அங்கே பயின்றவர்கள் நிறையப் பேர் தனியாகவும் சொல்லித் தருகிறார்கள். ஐந்து நாளுக்கும் ஒரே ஆளைப் பேசுங்கள். மகளுக்குத் தனி வாத்தியார், உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒருவர். அப்பா பக்கத்தில் நின்று "பயப்படாதே, காலை மடக்கு" என்று கத்தினால் எந்தக் குழந்தையும் கற்காது. மூன்றாம் நாள் அவள் உங்களைத் தாண்டிப் போவாள், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். செலவில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள், அறையை ஒரு படி கீழே எடுங்கள்.

காப்பீடு எடுக்கும்போது விதிவிலக்குப் பக்கத்தை மட்டும் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டு சேராது. குளிர்கால விளையாட்டு சேர்ந்தது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

வெயில். ஆமாம், வெயில்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது, புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும். நாம் ராயபுரத்து வெயிலையே பார்த்தவர்கள், கறுத்த தோல், நமக்கென்ன என்று இருந்தேன். மூன்றாம் நாள் மூக்குத் தோல் உரிந்து கருவாடு மாதிரி தொங்கியது. மூக்கின் அடிப்பக்கத்திலும் கிரீம் பூச வேண்டும், வெளிச்சம் கீழிருந்தும் வரும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அரை நாள் இருந்தால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டிய மாதிரி எரியும்.

கடைசியாக அம்மா. கூட்டிப் போங்கள். ஆனால் இதய நோய், மூச்சுத் தொந்தரவு, கட்டுப்படாத ரத்த அழுத்தம் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் உயரத்தைச் சொல்லி, 2,650 மீட்டர் என்று எண்ணாகவே சொல்லிக் கேளுங்கள். ஸ்ரீநகரில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஏறுங்கள். முதல் கட்டக் கோண்டோலா வரை அவர் வரலாம், இரண்டாம் கட்டம் வேண்டாம். பனியில் நடக்கும்போது செருப்புக்கடியில் கட்டும் முள் பட்டை அங்கேயே கிடைக்கும், அதை முதல் நாளே வாங்குங்கள், வயதானவர்கள் இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது சரிவில் இல்லை, ஓட்டல் வாசலில்தான். நீங்கள் மூவரும் சறுக்கப் போன பிறகு அவருக்கு ஒரு ஃபெரன் அங்கியும், அதற்குள் பிடித்துக்கொள்ள ஒரு காங்கிடியும், ஜன்னலோர நாற்காலியும் ஏற்பாடு செய்துவிடுங்கள். ஓட்டல்காரப் பையன்களுக்கு அவர்தான் "அம்மீ" ஆகிவிடுவார். என் அம்மாவுக்கு ஹிந்தியும் வராது, காஷ்மீரியும் வராது. நாங்கள் மத்தியானம் திரும்பியபோது சமையலறையில் உட்கார்ந்து நெத்திலி எப்படி வறுப்பது என்று அவர்களுக்குக் கைஜாடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரிக்கு என்றால் அறையையும் வாத்தியாரையும் நவம்பருக்குள் பேசிவிடுங்கள், பொங்கலுக்கு என்றால் அக்டோபருக்குள். நாள் மாற்றக்கூடிய விமான டிக்கெட்டாக எடுங்கள்.